இன்னொரு கொப்பி எதற்கு?

வணக்கம் தம்பி,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். பல இடங்களில் உடன்படுவதில்லை, ஆனாலும் எழுதியதில்லை. இந்த முறை வீட்டு விஷயம். சூரிச்சில் இருக்கும் என் அக்காவின் மகன் வருகிற ஆவணியில் ஒரு சுவிஸ் பெடியனைக் கலியாணம் முடிக்கப்போகிறானாம். அக்கா ஒருவரோடும் கதைக்கிறதில்லை. நான் அவனோடு கதைத்தேன். நல்ல பிள்ளை. சேர்ந்து வாழட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கலியாணம் ஏன்? முந்தி அங்கே பதிவுசெய்த துணைமை என்று ஒன்று இருந்தது. அதோடு நின்றிருக்கலாமே. இலங்கையிலும் அப்படி ஒரு சிவில் இணைவுச் சட்டத்தைக் கொண்டுவந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். கண்டியருக்கு ஒரு சட்டம், முஸ்லிம்களுக்கு ஒரு சட்டம், எங்கள் யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை. அவர்களுக்கும் ஒன்றை எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அக்கினி, தாலி, கூறை, பிள்ளைகுட்டி என்று இருக்கிற ஒன்றை ஏன் இழுக்க வேண்டும்? இந்திய உச்ச நீதிமன்றமே முடியாது என்று சொல்லிவிட்டதே. இன்னொன்று, கோண்டாவில் வீட்டை அக்கா அவன் பெயருக்கு எழுதிவிட்டா. நாளைக்கு அது யாருக்கு?

பெயர் போட வேண்டாம்.
ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

அன்புள்ள ஐயா,

மருமகனிலிருந்தே தொடங்குகிறேன். சுவிஸில் பதிவுசெய்த துணைமை 2007 சனவரியில் வந்தது. 2021 செப்டெம்பர் வாக்கெடுப்பில் 64 சதவீதம் பேர் திருமணத்தை எல்லோருக்கும் திறக்கச் சொன்னார்கள். 2022 யூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அங்கே புதிதாகத் துணைமை பதிய முடியாது. முன்பு பதிந்தவர்கள் அப்படியே இருக்கலாம், அல்லது திருமணமாக மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ‘அதோடு நின்றிருக்கலாமே’ என்று அவனிடம் கேட்டுப் பயனில்லை, அவனுக்கு அந்தத் தெரிவே இல்லை. இருந்த காலத்திலும் அதில் ஓட்டைகள் இருந்தன. இருவராகச் சேர்ந்து பிள்ளை தத்தெடுக்க முடியாது. சுவிஸ் குடிமகனைத் துணையாகப் பதிந்தவருக்கு, திருமணம் முடித்தவருக்குக் கிடைக்கும் இலகுவான குடியுரிமை வழி கிடையாது. குடியுரிமைக்கு எங்கள் ஆட்கள் பட்ட பாடு தெரிந்த உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

எங்கள் சனம் போய் இருக்கிற நாடுகளையே பாருங்கள். நோர்வே 1993இல் துணைமை, 2009இல் திருமணம். ஜெர்மனி 2001, 2017. பிரித்தானியா 2005, 2014. ஜெர்மனியில் திருமணமானவர்களுக்குள்ள வருமான வரிச் சலுகையைத் துணைமை பதிந்தவர்களுக்கும் கொடுக்க 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு உரிமைக்கும் ஒவ்வொரு வழக்கு. பிரான்ஸ் மட்டும் வேறு மாதிரி. அவர்களுடைய 1999ஆம் ஆண்டு ஒப்பந்தம் முதல் நாளிலிருந்தே ஆண்-பெண் சோடிகளுக்கும் திறந்திருந்தது. இன்று அதைப் பதிபவர்களில் மிகப் பெரும்பாலானோர் அவர்கள்தான். கலியாணத்தின் முழுப் பாரமும் வேண்டாம் என்பவர்களுக்கு அது வசதி. அதிலும், மரணசாசனம் எழுதாவிட்டால் ஒருவர் சொத்து மற்றவருக்குத் தானாக வராது. தெரிவாக இருக்கிற சிவில் இணைவில் எனக்கும் வழக்கில்லை.

இனி எங்கள் ஊர். யாழ்ப்பாணத்தில் கலியாணம் என்றால் இரண்டு காரியம்: எழுத்து, தாலிகட்டு. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கனடா மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வருவார். பதிவாளரைக் கூப்பிட்டு எழுத்தை முடிப்பார்கள். பெடியன் திரும்பிப் போய் ஸ்பொன்சருக்குப் போடுவான். தாலிகட்டு சிலவேளை ஒரு வருடம் கழித்து, சிலவேளை ஸ்காபரோ மண்டபத்தில். இடைப்பட்ட காலத்தில் ‘பிள்ளைக்கு எழுத்து முடிஞ்சுது’ என்றுதான் சொல்வோம், கலியாணம் முடிந்தது என்று சொல்லமாட்டோம். கனடா அரசுக்கு அவள் மனைவி. இலங்கை அரசுக்கும் மனைவி. ஐயருக்கும் ஆச்சிக்கும்தான் இன்னும் இல்லை. மறுபக்கமும் உண்டு. எழுத்தே இல்லாமல் வழக்கப்படி தாலிகட்டி வாழ்ந்தவர்களின் கலியாணத்தை இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றுவந்திருக்கின்றன.

நீங்கள் கேட்கும் சிவில் இணைவு ஏற்கெனவே இங்கே இருக்கிறது என்றுதான் சொல்லவருகிறேன். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் அக்கினியும் இல்லை, கூறையும் இல்லை, சாதகப் பொருத்தமும் இல்லை. 18 வயதாகியிருக்க வேண்டும், கிட்டிய உறவாக இருக்கக்கூடாது, இன்னொரு கலியாணம் கையில் இருக்கக்கூடாது. பிள்ளை பெறுவீர்களா என்று பதிவாளர் கேட்பதில்லை, அறுபது வயதில் மறுமணம் செய்பவருக்கும் அதே புத்தகம்தான். தன்பாலினத்தவர் அரசிடம் கேட்பது இந்த எழுத்தை. கோயிலையோ தேவாலயத்தையோ அல்ல. பிரித்தானியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளிப்படையாகவே விலக்கு எழுதியிருக்கிறார்கள். வேண்டுமானால் நாங்களும் எங்கள் கோயில்களுக்கு அப்படி ஒரு பிரிவை எழுதிக்கொள்ளலாம். எழுத்துக்கு ஒரு கொப்பி இருக்கும்போது பக்கத்தில் இன்னொரு கொப்பி எதற்கு?

உங்கள் கண்டியர் உதாரணம் நல்ல உதாரணம். தனிச் சட்டம் என்றாலே அவமானம் என்று அமெரிக்காவில் பேசுவதை இங்கே அப்படியே இறக்கமுடியாது. எங்களிடம் ஆளுக்கொரு சட்டம் இருக்கிறது, யாரும் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் 1952ஆம் ஆண்டுக் கண்டியர் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் தீக விவாகம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் பின்ன விவாகம். தகப்பன் வழிச் சொத்தில் அவளுடைய பங்கு அதைப் பொறுத்து மாறும். இவ்வளவு தனித்துவம் இருந்தும், கண்டியச் சோடி விரும்பினால் பொதுச் சட்டத்தின் கீழ் எழுதலாம். தனிப் படலையும் உண்டு, பொதுப் படலையும் உண்டு. நீங்கள் சொல்வது பொதுப் படலையைப் பூட்டிவிட்டு, கோடிப்பக்க வேலியில் ஒரு பொட்டுப் போட்டுக்கொடுப்பது.

உண்மையான சிக்கல் எனக்குத் தெரிவது தேசவழமையில். 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக்கியது, 1911இலும் 1947இலும் வெட்டித் திருத்தியது. (பழைய சட்டத்தில் கைவைக்கக்கூடாது என்பவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.) 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்படாத பெண் உட்பட்ட ஆணை முடித்தால் அவளும் அதற்குள் வந்துவிடுகிறாள். உட்பட்ட பெண் வெளியாளை முடித்தால், கலியாணம் நீடிக்கும்வரை அவள் அதற்கு வெளியே. எல்லாம் புருஷனை வைத்துத்தான். சாவகச்சேரிப் பெண்ணும் நுவரெலியாப் பெண்ணும் எழுத்து முடிக்கிறார்கள் என்று வையுங்கள். யார் யாருடைய சட்டத்துக்குள் போவது? மனைவி தன் காணியை விற்க, அது சீதனக் காணியாக இருந்தாலும், புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இரண்டு பேரும் பெண்கள் என்றால் யார் யாரிடம் சம்மதம் வாங்குவது? இரண்டு பேரும் ஆண்கள் என்றால் ஒருவருமே வாங்கத் தேவையில்லையா?

அப்புறம் தேட்டம். கலியாண காலத்தில் காசு கொடுத்து வாங்கிய சொத்தில், சாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால், பாதி துணைக்கு, மீதி இறந்தவரின் உரிமைக்காரருக்கு. சிவில் இணைவுச் சட்டம் ஒன்று வந்து, அதில் தேட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் என்ன நடக்கும்? இரண்டு பேரும் சேர்ந்து கடன் கட்டிமுடித்த வீடு ஒருவர் பெயரில் இருக்கும். அவர் இறந்தால், மற்றவர் செத்தவீட்டுப் பந்தல் பிரித்த கையோடு சகோதரங்களிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். அரச உத்தியோகத்தில் இருந்தவரென்றால் விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியமும் அப்படித்தான். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தால் அது சிவில் இணைவு என்ற பெயரில் கலியாணம்தான். எழுதாமல் விட்டால் அது வெறும் சான்றிதழ்.

சரி, கலியாணச் சட்டத்தில் ‘யாரும் யாரையும்’ என்று ஒரு வரியைச் சேர்த்தால் தீருமா? தீராது. புருஷன் மனைவி பற்றிய மேலே உள்ள கேள்விகள் அப்படியே இருக்கும். புருஷனின் சம்மதம் வேண்டும் என்ற பிரிவை நீக்கச் சொல்லி எங்கள் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய சட்டம் யாருக்கு என்பதையும் சோடியே எழுத்தின்போது தீர்மானிக்கட்டும் என்று மாற்றினால், இங்கே நான் அடுக்கிய சிக்கலில் பெரும்பகுதி போய்விடும். ஆணை முடித்த பெண்களுக்கும் அது வேண்டிய மாற்றம்தான்.

இந்தியத் தீர்ப்பைச் சொன்னீர்கள். 2023 ஒக்டோபர் 17. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. உங்களைப்போல், இணைவையாவது அங்கீகரிக்க வேண்டும் என்றவர்கள் சந்திரசூட், கௌல் இருவர். மற்ற மூவரும் அதற்கும் இல்லை என்றார்கள். அதாவது அங்கே தோற்றது உங்கள் கட்சியும்தான். இலங்கையில் அந்த வழியே இல்லை. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை, அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியாக வைத்திருக்கிறது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தையும் பிறகு நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. நேபாளத்தைப்போல ஒரு நீதிமன்ற உத்தரவோடு பதிவு தொடங்கும் என்று இங்கே யாரும் காத்திருக்கத் தேவையில்லை. பாராளுமன்றம்தான்.

பாராளுமன்றம் முதலில் தொடவேண்டியது கலியாணமும் அல்ல, தன்பாலின உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவு. 1883ஆம் ஆண்டுக் கோவை. முன்பு ஆண்களை மட்டும் குறித்த அந்தப் பிரிவை 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களுக்கும் விரித்துவிட்டது. இரண்டு வருடம் வரை சிறை. அதை மாற்ற அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. 2024இல் பாராளுமன்றம் கலைந்ததோடு அந்தச் சட்டமூலமும் போனது. அந்தப் பிரிவு இருக்கும்வரை எந்தச் சோடி தைரியமாகப் பதிவாளர் முன்னால் போய் நிற்கும்? சிவில் இணைவா கலியாணமா என்ற எங்கள் விவாதம் இந்த நாட்டில் இன்னும் கொஞ்சம் முந்திரிக்கொட்டைதான். ஆனாலும் எந்த எழுத்தை எழுதப்போகிறோம் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. அவசரத்தில் எழுதிய சட்டங்களின் கதி உங்களுக்குத் தெரியும்.

வீட்டு விஷயம். இங்கே உள்ள காணிக்கு இங்கத்தைய சட்டம்தான். சூரிச்சில் நடக்கும் எழுத்தை நம்பி, அவனுடைய துணைக்குக் கோண்டாவில் வீட்டில் பங்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. சாசனம் இல்லாவிட்டால் தாய், சகோதரம் என்று போகும். அவனுக்கு வேறு எண்ணம் இருந்தால் மரணசாசனம் எழுத வேண்டும். இங்கே அது ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நொத்தாரிசிடமே எழுதச் சொல்லுங்கள், ஐந்து பேரைத் தேடிப்பிடிப்பது கரைச்சல். அக்காவுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) உறுதியில் எழுதியிருக்கிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள்.