மின் ஸ்கூட்டர் மானியம் கணக்கில் ஏறவில்லையா? முதலில் பில்லைப் பாருங்கள்

கேள்வி: பாலக்கோட்டில் காய்கறி வியாபாரம் செய்கிறேன். 2025 ஆகஸ்டில் ஓசூர் ஷோரூம் ஒன்றில் 3 கிலோவாட் மணி பேட்டரியுள்ள மின் ஸ்கூட்டர் வாங்கினேன். முழு விலையையும் கட்டுங்கள், மத்திய அரசு மானியம் மூன்று மாதத்தில் கணக்கில் ஏறிவிடும் என்றார்கள். ஆதார் சரிபார்ப்பும் முடித்தார்கள். பணம் வரவில்லை. சாலை வரி என்று 8,000 ரூபாய் வேறு பிடித்திருக்கிறார்கள். கேட்டால், வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, நுகர்வோர் வழக்கே போட முடியாது என்கிறார்கள்.

பதில்: அந்த மானியம், அதாவது 5,000 ரூபாய், உங்கள் கணக்குக்கு ஒருநாளும் வராது. மின் வாகனங்களுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஷோரூம் பில்லிலேயே மானியத்தைக் கழித்துவிட வேண்டும். கழித்ததைத் தயாரிப்பு நிறுவனம் அரசிடம் வாங்கிக்கொள்ளும். 2025-26-இல் ஒரு கிலோவாட் மணிக்கு 2,500 ரூபாய், உச்சவரம்பு 5,000. உங்கள் வண்டிக்கு 7,500 என்று கணக்கு வந்தாலும் 5,000தான்.

பில்லில் மானியம் கழித்த விவரம் இருந்து, நீங்கள் கட்டியதும் அந்த மீதித் தொகைதான் என்றால், மானியம் கிடைத்துவிட்டது. ஷோரூம்காரர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு, வழக்குக்கு அதில் இடமில்லை. கழிக்கவே இல்லை, ஆனால் ஆதார் வழியாக உருவான இ-வவுச்சரில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றால் விஷயம் பெரிது. உங்கள் பெயரில் நிறுவனம் அரசிடம் பணம் கோர அந்த வவுச்சர்தான் ஆதாரம். கையெழுத்தானதும் வந்த எஸ்.எம்.எஸ்ஸை அழிக்காதீர்கள்.

சாலை வரியில் குழப்பமே இல்லை. தமிழ்நாட்டில் மின் வாகனங்களுக்கு 31.12.2025 வரை நூறு சதவீத விலக்கு இருந்தது. பதிவுக் கட்டணத்துக்கும் 2021 ஆகஸ்ட் முதல் விலக்கு உண்டு. 8,000-க்கு அரசு ரசீது கேளுங்கள், இருந்தால்தானே தருவார்கள்.

வியாபாரி என்பதால் வழக்கு நிற்காது என்பதும் தவறு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. ஆள் வைத்து நான்கைந்து வண்டி ஓட்டினால் கதை வேறு.

ஷோரூமுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பில், வங்கி அல்லது யு.பி.ஐ. ரசீது, ஆர்.சி. நகல்களை இணையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத தொகைதான் இத்தகைய வழக்குகளில் சறுக்கும் இடம். கடனில் வாங்கியிருந்தால் நிதி நிறுவனத்திடம் உள்ள விலைப்பட்டியல் கைகொடுக்கும்.

பதில் வராவிட்டால், அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். ஓசூருக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு.

கோரிக்கையில் மானியமும் சாலை வரியும் சேர்ந்த 13,000 ரூபாய், அதற்கு வட்டி, செலவுத்தொகை, அளவான இழப்பீடு மட்டும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் உண்மையான 13,000 மீதும் சந்தேகம் விழும்.