பழைய 2500கே-வை இன்னும் விரட்டலாமா? ஓவர்கிளாக்கிங் கேள்வி பதில்

2011-இல் வாங்கிய இன்டெல் பிராசசர் ஐ5-2500கே இன்னும் என் மேசையில் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் இப்படி ஏற்றி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை டெஸ்க்டாப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன்: வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள்.

கேள்வி: 2500கே, பி67 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி ரேம். 4.5 வைக்க பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரையில்) எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

அதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் ஆடும் கேமை ஓடவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டின் உபயோகம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 99-லேயே நின்றால் பிராசசரை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு ஃபிரேம்கூட ஏறாது. 60, 70 என்று தொங்கினால் மேலே படியுங்கள்.

இந்த பிராசசரின் சொந்த வேகம் 3.3. டர்போவில் தானாகவே 3.7 வரை போகும். 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை மல்டிபிளையரால் பெருக்கினால் வருவதுதான் வேகம். 45 என்று வைத்தால் 4.5. அந்த 100-ஐத் தொட வேண்டாம். இந்தத் தலைமுறையில் ஹார்ட் டிஸ்க் இணையும் சாட்டா, கார்டுகள் இணையும் பிசிஐ எல்லாமே அதே கடிகாரத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. நூற்றைந்து பக்கம் போனாலே ஹார்ட் டிஸ்க் கண்ணாமூச்சி காட்டும்.

மல்டிபிளையர் 42, வோல்டேஜ் கையால் 1.25. விண்டோஸுக்குள் போய் ஓசிசிடி என்ற சோதனை சாஃப்ட்வேர் ஒரு மணி நேரம். தாங்கினால் 43, 44. எங்கே புளூ ஸ்கிரீன் வருகிறதோ அங்கே வோல்டேஜை 0.02 கூட்டி மறுபடி ஓட்டுங்கள். என்னுடையது 4.5-க்கு 1.32 கேட்டது, உங்களுடையது 1.28-லும் நிற்கலாம், 1.38-உம் கேட்கலாம். அது பிராசசரின் ஜாதகம். தினசரி உபயோகத்துக்கு 1.4-ஐ நான் தாண்ட மாட்டேன்.

லோடு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் ‘லோட் லைன் கேலிப்ரேஷன்’. நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் லோடு விடுபடும் கணத்தில் வோல்டேஜ் எகிறும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், சூடு வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 3.7-இல் 1.2 வோல்ட் இருந்ததை 4.5-இல் 1.35 ஆக்கினால் சுமார் ஒன்றரை மடங்கு சூடு. பாக்ஸோடு வந்த கூலர் அதற்குப் போதாது.

ஓசிசிடி தாண்டியும் கேமில் ஹேங் ஆனால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘வியா’ (WHEA, ஹார்டுவேர் பிழைப் பதிவு) எச்சரிக்கை 19 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் ஒரு படி குறைவு.

கேள்வி: ஐ5-2400, எச்61 போர்டு. 4.0 போகுமா?

போகாது. எச்61-இல் மல்டிபிளையரை ஏற்ற வழியில்லை.

கேள்வி: லேப்டாப்பில் ஓவர்கிளாக் செய்ய ஏதாவது சாஃப்ட்வேர்?

ஃபேனைக் கழற்றித் தூசி தட்டுங்கள். அதுதான் உங்களுக்கான ஓவர்கிளாக்.

கேள்வி: அப்பாவின் பழைய கோர் 2 குவாட் கியூ6600 கிடைத்தது. அதை ஏற்ற முடியுமா?

கேட்டதுமே கை துறுதுறுக்கிறது! அதில் மல்டிபிளையர் 9-க்கு மேல் ஏறாது; எஃப்எஸ்பி என்ற அடிப்படைக் கடிகாரத்தைத்தான் ஏற்ற வேண்டும். 266 பெருக்கல் 9, அதுதான் 2.4. அதையே 333 ஆக்கினால் 3.0. ரேமை 667 வேகத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். பயாஸில் எஃப்எஸ்பி மாற்ற வழியில்லாத போர்டுக்காரர்கள் பிராசசரின் அடியில் ஒரு சிறு புள்ளியை டேப் துண்டால் மறைத்து 333 வரவழைத்ததுண்டு. ஆசைக்குச் செய்யுங்கள், கேமுக்காக வேண்டாம். அதில் எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, புதிய கேம்கள் பல திறக்கவே திறக்காது.

கேள்வி: எதையும் ஏற்றவில்லை. இருந்தும் கேம் ஆடினால் 92 டிகிரி. பிராசசர் போய்விட்டதா?

எனக்கும் இதே நடந்தது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை இரண்டு முறை மாற்றினேன், குறையவில்லை. கடைசியில் கேபினெட்டைப் படுக்க வைத்து, டார்ச் அடித்து, கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினேன். மூன்று அசையவில்லை, நான்காவது ‘டக்’ என்று உள்ளே போனது. அவ்வளவுதான், இருபது டிகிரி இறங்கியது. போர்டைத் திருப்பி, நான்கு முனைகளும் பின்பக்கம் எட்டிப் பார்க்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி (சேலம் நண்பர்): ஓவர்கிளாக் எதற்கு? செகண்ட் ஹேண்டில் ஐ7-3770 வாங்கி அதே சாக்கெட்டில் போட்டால் வேலை முடிந்ததே?

பாதி சரி. 2500கே-வுக்கு நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), ஹைப்பர்த்ரெடிங் உள்ள 3770-க்கு எட்டு. 2016-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 1-இல் 64 பேர் ஆடும் மேப்பைத் திறந்தால் நான்கு த்ரெட்டும் நூறு சதவீதத்தில் முட்டி நிற்கும். அங்கே எட்டுதான் ஜெயிக்கும். ஒரு த்ரெட்டை நம்பி ஓடும் பழைய கேம்களில் 4.5 முன்னால் நிற்கும். இன்னொன்று, பி67 போர்டில் 3770 போடுமுன் பழைய பிராசசரை வைத்தே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் திரையே வராது.

கேள்வி (வேறொருவர்): சேலம் நண்பர் சொல்வது தவறு. ஹைப்பர்த்ரெடிங் வெறும் விளம்பரம். என் 2500கே-வில் சராசரி எஃப்பிஎஸ் ஐ7-ஐவிட அதிகம்.

சராசரி அதிகமாக இருக்கலாம், நம்புகிறேன். ஆனால் கண்ணை உறுத்துவது சராசரி அல்ல, திக்கல். ஃபிரேம் டைம் (ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம்) வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். நான்கு த்ரெட்டும் முட்டும் இடத்தில் கோடு ரம்பப்பல் மாதிரி இருக்கும். ஹைப்பர்த்ரெடிங் நான்கு கோரை எட்டு ஆக்காது என்பதும் உண்மைதான். காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு வேலையைச் சொருகுகிறது, அவ்வளவே. அந்தச் சொருகல்தான் திக்கலைக் குறைக்கிறது.

கேள்வி (சேலம் நண்பர்): கேட்டீர்களா? நான் சொன்னதுதான்!

பாதி என்றுதான் சொன்னேன். 3770-இன் பெயரில் மல்டிபிளையர் திறந்தது என்று காட்டும் ‘கே’ இல்லை, 4.5 கனவு அங்கே கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் 2600கே தேடுங்கள்.

கேள்வி: எச்61 போர்டில் 2500கே போட்டால் ஏற்றலாமா?

இரண்டாவது கேள்வியைப் படியுங்கள். பிரச்சினை போர்டில்.

கேள்வி: போர்டிலேயே ‘ஈசி ஓசி’ பட்டன் இருக்கிறது. அமுக்கினால் 4.4 வந்துவிட்டது. போதும்தானே?

வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்தீர்களா? அந்த பட்டன் எல்லாச் சில்லுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் தாராளமாகவே ஊற்றும். ஆட்டோ வேண்டாம்.

கேள்வி: எஃப்எக்ஸ்-8350?

ஏஎம்டி என் பேட்டை இல்லை. எஃப்எக்ஸ் எல்லாமே மல்டிபிளையர் திறந்தவை, 8350 ஏற்றாமலே 125 வாட். போர்டின் மின்சாரப் பகுதியில் ஹீட்சிங்க் இல்லையென்றால் தொடாதீர்கள். மற்றதை ஏஎம்டி ஓட்டியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 2400-ஐ வேறு எந்த வழியிலாவது...?

பி67, இசட்68 போர்டில் டர்போவுக்கு மேல் நான்கு படி, அதாவது 3.8 வரை போகும். உங்களுடையது எச்61 என்றால், மன்னிக்கவும், மூன்றாவது முறையாக: போகாது.

கேள்வி: ஜனவரியில் வைத்த 4.5, மே மாதம் ஹேங் ஆகிறது. வோல்டேஜை ஏற்றட்டுமா?

ஏற்றாதீர்கள், இன்னும் சூடாகும். அறையே 25-இலிருந்து 38 டிகிரிக்குப் போனால் பிராசசரும் அதே பதின்மூன்று டிகிரியைச் சுமக்கும். என் பயாஸில் இரண்டு புரொஃபைல் சேமித்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயர் ‘மார்கழி’, 4.5. மற்றது ‘சித்திரை’, 4.2, வோல்டேஜ் 1.24. கத்தரி வெயில் முடியும்வரை சித்திரைதான்.