அல்லிக்குச் சோறு, தண்ணீருக்குப் பட்டினி

திருச்சியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 10க்கு 6 அடியில் ஒரு சிமெண்ட் குளம், மாடியில் 11 டப். எல்லாவற்றிலும் அல்லிதான். உரம் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். பூச்சி, நத்தை, கொசு எல்லாம் இன்னொரு நாள்.

கோவையிலிருந்து: அக்கா, செடி வாங்கி நாலு மாசம் ஆகுது. முதல்ல தட்டு மாதிரி இலை, வாரம் ஒரு பூ. இப்போ இலை உள்ளங்கை அளவுதான் வருது, பூவே இல்லை. 12 இன்ச் டப்ல வெச்சு, அதைக் குளத்துக்குள்ள இறக்கியிருக்கேன். வெயில் நல்லா அடிக்குது. என்ன உரம், எவ்வளவு?

பசிதான், வேறொன்றும் இல்லை. குளத்தில் வேர் ஓடுகிற அல்லிக்கு ஊர்ப்பட்ட சேறு கிடைக்கும். உங்கள் செடிக்கு இருப்பது ஏழெட்டு லிட்டர் மண். அதிலிருந்ததை நாலு மாசத்தில் தின்று தீர்த்துவிட்டது.

உரக்கடையில் 17:17:17 காம்ப்ளக்ஸ் கேளுங்கள், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) மூன்றும் சமமாக இருக்கிற உரம். உங்கள் டப்புக்கு மாதம் ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 5 கிராம். அதை மூன்றாகப் பிரித்து, நியூஸ்பேப்பர் துண்டில் சுண்டல் பொட்டலம் மாதிரி இறுக்கி மடியுங்கள். டப்பின் ஓரமாக, கிழங்கிலிருந்து நாலு விரல் தள்ளி, ஆள்காட்டி விரல் அடிவரை இறங்குகிற ஆழத்துக்குப் பொட்டலத்தைச் சேற்றுக்குள் தள்ளுங்கள். குமிழி கிளம்பும், லேசாக அழுகின முட்டை வாடை வரும். பயப்பட வேண்டாம், காற்றில்லாத சேறு அப்படித்தான். விரலை எடுத்த கையோடு குழியை மூடி அழுத்திவிட்டு, மேலே ஒரு பிடி மணல் போடுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பொட்டலம் மூன்றும் கப்பல் விட்ட மாதிரி மிதந்துகொண்டிருந்தன.

இந்த மாதம் கடிகாரத்தில் 12, 4, 8 இருக்கும் இடங்களில் வைத்தால், அடுத்த மாதம் 2, 6, 10. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அந்தப் பக்கத்து வேர் கருகும். இரண்டு மூன்று வாரத்தில் புது இலையின் அகலத்திலேயே வித்தியாசம் தெரியும். பழைய சின்ன இலை பெரிதாகாது, அதைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். டப்பின் அடியில் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் அடுத்த முறை ஓட்டையில்லாத டப்புக்கு மாற்றுங்கள். உரம் கசிந்து குளத்துக்குப் போகிற வழி அது.

தாம்பரத்திலிருந்து: நான் 19:19:19-ஐ தண்ணியில கரைச்சு ஊத்தினேன் மேடம். ஒரு வாரத்துல தண்ணி பச்சைப் பெயிண்ட் மாதிரி ஆயிடுச்சு. கப்பி மீன் வேற இருக்கு.

19:19:19 முழுக்கக் கரையவென்றே செய்த உரம், இலையில் தெளிக்கவும் சொட்டுநீரில் விடவும். குளத்துத் தண்ணீரில் விட்டால் அல்லி ஒரு வாய் தின்பதற்குள் பாசி பந்தியையே முடித்துவிடும்.

இதைவிட மோசமாக நானே செய்திருக்கிறேன். அல்லி வளர்க்க ஆரம்பித்த முதல் வருஷம், சின்னக் குளம்தானே என்று ஒரு பிடி யூரியாவைத் தூவினேன். மூன்றாம் நாள் விடிகாலையில் மீனெல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சாயங்காலத்துக்குள் ஏழு போய்விட்டன. யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். பாசி மண்டிய தண்ணீரில் பகலில் காரத்தன்மை ஏறும், ஏற ஏற அந்த அம்மோனியாவுக்கு விஷம் கூடும். ராத்திரியில் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுப்பதால் விடியும்போது மீனுக்கு மூச்சு முட்டும். இரண்டு பக்கமும் அடி.

நீங்கள் மொத்தத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு எடுத்து, ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை விடுங்கள். குளோரின் வாடையோடு குழாயிலிருந்து நேரே விட்டால் மீதி மீனும் போகும். அப்புறம் பொறுமை. அல்லி இலை தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூடிவிட்டால் பாசிக்கு வெயில் கிடைக்காது, தானாகத் தெளியும்.

தஞ்சாவூரிலிருந்து: அம்மா, எங்ககிட்ட வயலுக்கு வாங்கின டிஏபி மூட்டை இருக்கு. அதையே போடலாமா? இல்லை, இதுக்குன்னு விக்கிற மாத்திரைதான் வாங்கணுமா?

போடலாம். டிஏபியில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46, சாம்பல் சத்து கிடையாது. நான் ஒரு மாதம் டிஏபி, மறு மாதம் 17:17:17 என்று மாற்றி வைக்கிறேன். டிஏபி குருணை கரையும்போது அதைச் சுற்றி அம்மோனியா வரும், வேரைச் சுடும். அதனால் அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், அதையும் மூன்று பொட்டலமாக.

நெல் போடுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யூரியாவைத் தண்ணீர் மேல் வீசினால் பாதி வீண், கட்டியாக்கிச் சேற்றுக்குள் புதைத்தால் பயிருக்குப் போய்ச் சேரும். இங்கேயும் அதே கணக்குதான். களிமண் துகள் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாஸ்பேட்டையும் விடாது. உங்கள் ஊர் வண்டலைவிட அல்லிக்கு ஏற்ற மண் எங்கே இருக்கிறது? மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மெதுவாகக் கரையும் ஆஸ்மோகோட் மாதிரி உருண்டைகளும் நல்லவைதான், விலைதான் கொஞ்சம் எகிறும். அட்டையில் மூன்று நான்கு மாதம் என்று போட்டிருப்பது 21 டிகிரி வெப்பத்துக்கு. நம் சித்திரை வெயிலில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

மதுரையிலிருந்து: ரசாயனம் வேண்டாம்னு பாக்குறேன். சாணம், பஞ்சகவ்யம், புண்ணாக்கு இதெல்லாம்?

ரோஜாவுக்கு அமிர்தமாக இருப்பது குளத்துக்குச் சாக்கடை ஆகிவிடும். பச்சைச் சாணம் தண்ணீருக்கடியில் புளித்து, வேரைக் கறுப்பாக்கும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், புண்ணாக்குக் கரைசல் எல்லாமே தண்ணீரில் கலந்ததும் அழுகி, ஆக்சிஜனைக் குடித்துவிடும். இலுப்பைப் புண்ணாக்கை மீன் வளர்ப்பவர்கள் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லவே போடுகிறார்கள், அதைக் கையால் தொடாதீர்கள்.

வேண்டுமானால் மண் மாற்றும்போது, நன்றாக மக்கி மண் வாசனை வந்த தொழுவுரம் இரண்டு பிடி அடியில் போட்டு, மேலே அரை அடி களிமண்ணை வைத்து மூடுங்கள். மண்புழு உரமும் அப்படியே. எலும்புத்தூள் கெடுதல் இல்லை, ஆனால் சுண்ணாம்பு மண்ணில் அது அசையாமல் கிடக்கும். தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் வேண்டவே வேண்டாம், எல்லாம் மேலே வந்து மிதக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, உரம் ஒழுங்கா வைக்கிறன். பழைய இலை பச்சையா இருக்கு, புது இலைதான் வெளிறி வருது, நரம்பு மட்டும் பச்சை. கிணத்துத் தண்ணிதான் விடுறம்.

உரத்தைக் கூட்டாதீர்கள், இது வேறு. பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். உங்கள் பக்கம் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் கடினம். அந்தக் காரத்தில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. இரும்புக் கீலேட், அதாவது வேர் எடுக்கும்படி செய்த இரும்புச்சத்து, வாங்கும்போது இடிடிஏ (EDTA) வகை வேண்டாம், அது காரத் தண்ணீரில் நிலைக்காது. இடிடிஎச்ஏ (EDDHA) என்று கேளுங்கள். ஒரு சிட்டிகையைக் களிமண் உருண்டைக்குள் வைத்து, வேர்ப்பக்கம் புதையுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து விட முடிந்தால் இன்னும் நல்லது.

வேளச்சேரியிலிருந்து: மாசாமாசம் உரம் வெக்கிறேன். மொட்டு வருது, ஆனா விரியறதே இல்லை. ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வந்து தினமும் பாக்குறேன்.

ஏழு மணிக்கா! உங்களுடையது பகலில் பூக்கிற ரகமாக இருக்கும். காலை எட்டு ஒன்பதுக்கு விரிந்து, நாலு மணி வாக்கில் கடையைச் சாத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். உரத்தில் குறை இல்லை. சாயங்காலம்தான் பூவைப் பார்க்க முடியும் என்றால் இரவில் பூக்கிற செவ்வல்லி ஒன்று வாங்கி வையுங்கள், இருட்டும்போது விரிந்து மறுநாள் காலை வெயில் ஏறும்வரை நிற்கும்.

சேலத்திலிருந்து: நேத்துதான் கிழங்கு நட்டேன். இன்னிக்கே உரம் வெக்கலாமா?

கூடாது. மூன்று இலை மிதக்கட்டும்.

கடலூரிலிருந்து: மழைக்காலத்துலயும் மாசம் ஒரு தடவையா?

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடந்தால் செடி தூங்கும், தின்னாது. நான் தீபாவளியோடு நிறுத்திவிட்டு, பொங்கல் கழித்து முதல் பொட்டலம் வைப்பேன். நடுவில் வெயில் அடித்துப் புது இலை மளமளவென்று வந்தால் பாதி அளவு போதும்.

ஈரோட்டிலிருந்து: இலை மிதக்காம தண்ணிக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு வருஷச் செடி. உரம் ஜாஸ்தியாயிடுச்சா?

இடம் போதவில்லை. இலைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எழும்புகின்றன. இதற்கு உரம் மருந்து இல்லை. டப்பைக் கவிழ்த்து, பக்கக் கன்றுகளைப் பிரித்து, அழுகின கிழங்கை வெட்டியெறிந்துவிட்டு, தாய்ச்செடியைப் புது மண்ணில் வையுங்கள். கன்றுகளை அக்கம்பக்கத்தில் கொடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: இதே அளவைத் தாமரைக்கும் வெக்கலாமா அக்கா?

அவசரப்படாதீர்கள். தாமரைக் கிழங்கின் நுனிக்குருத்து ரொம்ப மென்மை, உரம் பட்டால் அங்கேயே கருகிப்போகும். முதலில் வருகிற மிதக்கும் இலைகளை நம்பி உரம் வைக்கக் கூடாது. தண்ணீரை விட்டுத் தண்டோடு நிமிர்கிற இலை இரண்டு வந்த பிறகு, அல்லிக்குச் சொன்னதில் பாதி, அதுவும் டப்பின் ஓரத்தில். இன்னொன்று, அது தாமரைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நர்சரியில் தாமரை என்று காசு வாங்கிக்கொண்டு எனக்கு அல்லியைக் கட்டிக் கொடுத்தார்கள். இலையில் காம்பு வரை வெட்டு இருந்தால் அல்லி, வெட்டில்லாமல் முழு வட்டமாக இருந்தால் தாமரை. உங்களுடையது எப்படி இருக்கிறது?