கர்ப்ப காலத்தில் காரணமே தெரியாமல் அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வருகின்றன. எப்படிச் சமாளிப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டப்புறத்தில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். காரணம் தெரியவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் அது உடலுக்குள்தான் இருக்கிறது. கருவுற்ற முதல் வாரங்களிலிருந்தே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் வேகமாகக் கூடுகின்றன. அவை கருப்பையோடு நின்றுவிடாமல், மனநிலையை ஒழுங்குபடுத்தும் மூளையின் வேதிப்பொருள்களையும் அசைத்துப் பார்க்கின்றன. இதனுடன் குமட்டலும் தூக்கக் குறைவும் சேரும்போது, காலையில் சிரித்துப் பேசியவள் மதியம் குழம்பில் உப்பு கூடிவிட்டதற்காக விம்முவதில் வியப்பில்லை. முதல் மூன்று மாதங்களில் கடுமையாக இருந்து, இடையில் தணிந்து, பிரசவம் நெருங்கும்போது மீண்டும் தலைகாட்டுவதே பலருடைய அனுபவம்.

"நீ அழுதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்று என் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காமாரும் மாறி மாறிச் சொன்னார்கள். அன்பினால் சொன்னதுதான், ஆனால் அழுகையோடு, அழுதுவிட்டோமே என்ற அச்சத்தையும் அது என் தலையில் ஏற்றியது. அவ்வப்போது அழுவதால் குழந்தைக்குக் கேடு வருவதில்லை என்று கிளினிக் மிஸ்ஸி (இங்கே தாதியை அப்படித்தான் அழைப்போம்) தெளிவாகச் சொன்ன பிறகே என்னால் நிம்மதியாக அழ முடிந்தது. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும் தோட்டத்தில் அதற்கும் இடம் தேட வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

என் கணவருக்குச் செம்பனை ஆலையில் இரவு வேலை. அவர் இல்லாத முன்னிரவுதான் எனக்கு மிகவும் மோசமான பொழுது. "ஏன் அழுகிறாய்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் விடை தெரியாமல் கோபம் கூடியதால், காரணம் கேட்காமல் சிறிது நேரம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன், எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். பசி முற்றுவதற்கு முன்பே ஒரு ரொட்டித் துண்டோ வாழைப்பழமோ சாப்பிட்டதும், வெயில் தாழ்ந்தபின் செம்மண் சாலையில் மெதுவாக நடந்ததும் எரிச்சலைக் குறைத்தன. இரத்தச் சோகை இருந்தால் சோர்வும் சிடுசிடுப்பும் கூடும் என்பதால் இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். அதைத் தேத்தண்ணீருடன் விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

மேலே சொன்னவை வந்து போகும் மாற்றங்களுக்கு உரியவை. இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் துக்கமோ பதற்றமோ விலகாமல், பிடித்தவற்றிலும் நாட்டமின்றி, தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். உலக அளவில் கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு, முக்கியமாக மனச்சோர்வு, ஏற்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் பேராக்கில் மனம் சரியில்லை என்று வாய் திறந்தாலே "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற கேலி முன்னால் வந்து நிற்கிறது; மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. அந்தக் கேலிக்கு அஞ்சியே வாயை மூடிக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். கிளினிக்கில் நடப்பதோ மிகச் சாதாரணமானது. கடந்த 7 நாள்களில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும், எடின்பரோ அளவுகோல் எனப்படும் 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. பிரசவித்த தாய்மார்களுக்காக 1987இல் உருவாக்கப்பட்ட அது இன்று கர்ப்பிணிகளுக்கும் பயன்படுகிறது. தேவைப்பட்டால் மருத்துவர் இரத்தத்தையும் தைராய்டையும் சோதிப்பார், ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வார். மன நோய்க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்தவுடன் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கிளினிக் வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு தாளில் எழுதிக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தினுள் வைத்து மிஸ்ஸியிடம் கொடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ வந்தால் மட்டும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராதீர்கள். தனியாக இருக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லி, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் மனத்துயரில் இருப்பவர்களுக்குச் செவிசாய்க்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண் 24 மணி நேரமும் உண்டு.