"கூப்பிட்டோம், வரவில்லை" என்றால் போதுமா?

வாசகி கடிதம்:

"தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தை ஒட்டிய ஒரு கிரீச்சில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காகச் சனிக்கிழமை காலையில் குழந்தை வளர்ப்பு வகுப்பு நடத்துகிறோம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூலு குடும்பத்தவர்கள். வகுப்புக்கு வருகிறவர்களோ தமிழரும் மற்ற இந்தியரும்தான். தொடக்கத்தில் நான்கைந்து ஜூலு தாய்மார் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வரவில்லை. 'கூப்பிட்டோம், வரவில்லை, அக்கறை இல்லை' என்கிறது நிர்வாகக் குழு. 'நம் ஜனங்களுக்கென்று ஒரு வகுப்பாவது இருக்கட்டுமே' என்றும் சிலர் பேசுகிறார்கள். போன வாரம் நான்கு வயதுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, 'இவள் கையைப் பிடித்தால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும்' என்று ஜூலுச் சிறுமியின் கையை உதறிவிட்டாள். அவளுடைய அம்மா சிரித்து மழுப்பிவிட்டார். இவ்வளவு சின்னப் பிள்ளைகளிடம் நிறத்தையும் இனத்தையும் பற்றிப் பேசலாமா? இந்த வகுப்பை எல்லோருக்கும் உரியதாக்குவது எப்படி?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

கையை உதறிய பிள்ளையைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கலங்கியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போன அந்தத் தாய்மாரைப் பற்றி முதலில் பேசவேண்டும். இரண்டும் ஒரே விஷயத்தில் போய் முடிகின்றன.

"அக்கறை இல்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கறை இல்லாதவள் முதல் நாளே வந்திருக்கமாட்டாள். வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அங்கே எதைப் பார்த்தார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை என்ற நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பெண்களுக்கு அது வேலை நாள். நம் மாகாணத்தில் ஷெம்பே என்னும் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஜூலு குடும்பங்கள் ஏராளம். 1910இல் தொடங்கிய அந்தச் சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு நாள். வெள்ளையுடை அணிந்து வழிபாட்டுக்குப் போகும் நாள். கோயில் திருவிழா அன்று காலையில் நமக்கு ஒரு கூட்டம் வைத்தால் எத்தனை பேர் போவோம்? வாரநாளில் பிள்ளையை அழைத்துப்போக வரும் மாலை நேரத்திலேயே முக்கால் மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். டாக்சிக்கு இன்னொரு முறை காசு கொடுக்கவேண்டிய தேவையும் இருக்காது. அரசு தரும் குழந்தை உதவித்தொகை 2025இல் மாதத்துக்கு 560 ராண்ட்தான். அதில் ஒரு வகுப்புக்காகப் போய்வரும் செலவு என்பது சிறிய விஷயமில்லை.

அடுத்தது, வகுப்பில் சொல்லித்தரும் விஷயம். இப்படிப்பட்ட வகுப்புகளில் கொடுக்கும் கையேடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். படத்தில் தள்ளுவண்டி இருக்கும், தனித் தொட்டில் அறை இருக்கும், குளியல் தொட்டியில் ரப்பர் வாத்து மிதக்கும். முரண்டு பிடிக்கும் பிள்ளையை 'வேறொரு அறையில் சற்று நேரம் உட்கார வையுங்கள்' என்று எழுதியிருக்கும். ஒரே அறையில் குடும்பமே படுத்து எழும் வீட்டில் வேறொரு அறைக்கு எங்கே போவது? சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கேட்கிறவளுக்கு, 'உன் வீடு பிள்ளை வளர்க்க லாயக்கில்லை' என்று காதில் விழுகிறது.

டர்பனில் ஒரு வகுப்பில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குழந்தை அழுதது. அந்த ஜூலுத் தாய் எழுந்து, இடுப்பை முன்னுக்கு வளைத்து, ஒரு கையால் குழந்தையை முதுகுக்கு நழுவவிட்டார். மறு கையால் பெரிய துவாலையை எடுத்து அதன்மேல் போர்த்தி, அக்குளுக்குக் கீழே முன்பக்கம் இழுத்து, மார்புக்கு மேல் இறுக்கிச் செருகினார். இடுப்போடு இன்னொரு துணி. எண்ணிப் பத்து மூச்சு விடுவதற்குள் முடிந்தது. குழந்தை கன்னத்தை அம்மாவின் முதுகில் வைத்து உறங்கிவிட்டது. வகுப்பு எடுத்தவர் அதைப் பார்க்காமலே, குழந்தையோடு உடல் நெருக்கம் ஏன் தேவை என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பாடமே அறைக்குள் நடந்துகொண்டிருந்தது. அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

நம் பாட்டிமாரையும் இப்படித்தான் நடத்தினார்கள். கால்களை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை கால்களை நீவிவிட்டுக் குளிப்பாட்டும் வழக்கத்தைப் பழங்கால மூடத்தனம் என்று ஒதுக்கிய காலம் உண்டு. அந்த அவமதிப்பு எப்படிச் சுடும் என்று அறிந்த சமூகம் நாம். ஆகவே உங்கள் முதல் வகுப்பில் யாரும் பாடம் நடத்தவேண்டாம். 'உங்கள் வீட்டில் அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றுவீர்கள்? யார் சொல்லிக்கொடுத்தது?' என்று எல்லோரிடமும் கேளுங்கள். ஒருவர் செய்து காட்டட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். தடுப்பூசி, ஊட்டம், அடிக்காமல் கண்டிப்பது போன்றவற்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும், சந்தேகமில்லை. அவரவர் அறிந்ததை மதித்துக் கேட்ட பிறகு சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இதற்காக வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேடவேண்டியதில்லை. கேப் டவுனில் 1979இல் தொடங்கிய ஃபிலானி அமைப்பு, பிள்ளைகளை நல்லபடி வளர்த்திருக்கும் தாய்மாரை அதே குடியிருப்பிலிருந்து தேர்ந்தெடுத்து, பயிற்சியும் சம்பளமும் கொடுத்து வீடுவீடாக அனுப்புகிறது. இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான 'சினோவுயோ' பாடத்திட்டமும் நம் நாட்டிலேயே, ஏழைக் குடியிருப்புகளில் சோதித்து உருவாக்கியதுதான். கேப் டவுன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களோடு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து செய்த வேலை அது. கையேடுகளைக் கட்டணமின்றிப் பெறலாம். இரண்டு திட்டங்களும் காட்டுவது இதைத்தான்: சொல்லிக்கொடுப்பவர் கேட்பவரின் வீதியைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும்.

எனவே உங்கள் வகுப்பை நடத்த ஒரு ஜூலுத் தாயையோ பாட்டியையோ இணைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளராக ஓரத்தில் நிற்கவைப்பது கூடாது. உங்களுக்குச் சமமாக, என்ன பேசுவது என்று முடிவுசெய்யும் இடத்தில் அவர் இருக்கவேண்டும். உங்களுக்குச் சம்பளம் என்றால் அவருக்கும் சம்பளம். மொழி விஷயத்தில் தயங்கவே வேண்டாம். நம் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதிக்கப்படவேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதை நாம் பெருமையாக மேடையில் சொல்கிறோம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 24.4 விழுக்காட்டினர் வீட்டில் பேசும் மொழி ஜூலு. அந்த மொழியில் ஒரு வணக்கம்கூட இல்லாத வகுப்பை, ஜூலுப் பிள்ளைகள் பாதிப் பேர் படிக்கும் இடத்தில் நடத்துவது நியாயமா?

இன்னொன்றும் உண்டு. வரும் வகுப்பன்று கொஞ்சம் முன்னதாகவே போய் வாசலில் நில்லுங்கள். காவலாளி யாரை 'என்ன வேண்டும்?' என்று கேட்டு நிறுத்துகிறார், யாரைத் தலையசைத்து உள்ளே விடுகிறார் என்று பாருங்கள். 1949இல் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட டர்பன் கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க 1950இல் வந்த குடியிருப்புப் பிரிவினைச் சட்டம், இருவரும் வாழ்ந்த டர்பனின் கேட்டோ மேனர் பகுதியைக் காலி செய்து நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கரைக் குவாமாஷுவுக்கும் பிரித்து அனுப்பியது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இத்தனையும் தெரிந்த ஒரு தாய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தியர் பகுதியில் உள்ள மண்டபத்துக்குள் தனியாக நுழைகிறாள். வாசலில் கிடைக்கும் முதல் பார்வை அவளுக்கு எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். நீங்களே வாசலில் நின்று, பெயர் சொல்லி வரவேற்று, முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

இப்போது அந்தச் சிறுமி.

சின்னப் பிள்ளைகளிடம் பேசலாமா என்று கேட்கிறீர்கள். நாம் பேசாவிட்டாலும் அவர்கள் கற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2005இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், பிறந்த சில நாள் குழந்தைகள் எந்த இனத்து முகத்தையும் ஒன்றுபோலவே பார்த்தன. மூன்று மாதத்தில், தம் இனத்தவர் முகத்தையே அதிக நேரம் பார்த்தன. மறு ஆண்டு வெளிவந்த இஸ்ரேலிய ஆய்வு இன்னும் முக்கியமானது. இரண்டு இனத்தவர் முகங்களையும் அன்றாடம் பார்த்து வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை. மூன்று மாதக் குழந்தைக்கு வெறுப்பு கிடையாது, பழக்கம்தான் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நல்லது கெட்டது என்ற பெயரைப் பின்னால் நாம்தான் சூட்டுகிறோம்.

'கறுப்பு ஒட்டிக்கொள்ளும்' என்று அந்தப் பிள்ளை சொன்னது ஜூலு மக்களைப் பற்றிக் கேட்ட பேச்சிலிருந்து மட்டும் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 'வெயிலில் விளையாடாதே, கறுத்துப்போவாய்' என்று அவளிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுப்பது எதற்காக? தொட்டிலை எட்டிப் பார்க்கும் உறவினர் முதலில் சொல்வது என்ன? 'மூக்கு நல்லா இருக்கிறது, நிறம்தான் கொஞ்சம் மட்டு.' கறுப்பு என்பது வந்து படியும் அழுக்கு, தேய்த்தால் போகும், கவனக்குறைவாக இருந்தால் ஏறும் என்று நம் பிள்ளை தன் தோலை வைத்தே கற்றுக்கொள்கிறது. பிறகு அதே கணக்கைப் பக்கத்துப் பிள்ளையின் கைக்குப் போடுகிறது. அந்த நான்கு வயதுப் பெண்ணும் இதில் அடிபட்டவள்தான். உங்கள் வகுப்பில் தமிழ்த் தாய்மாரோடு பேசவேண்டிய முதல் பாடம் இது. கோபப்படுவார்கள், படட்டும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

வீட்டில் இன்னொன்றையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண்மணியை 'ஆன்ட்டி' என்று அழைக்கும் பிள்ளை, தன்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் அதே வயது ஜூலுப் பெண்மணியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவருக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு. 'மா' (அம்மா) என்றோ 'கோகோ' (பாட்டி) என்றோ அழைக்கப் பழக்குவது ஒரே நாளில் செய்யக்கூடியது. அந்தத் தட்டை மாற்றுவதும் அப்படித்தான். பகல் முழுவதும் பிள்ளையை வளர்க்கும் அந்தப் பெண்மணியை உங்கள் வகுப்புக்கு அழைத்தீர்களா? வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் அனுப்பும்படி அந்த வீட்டாரிடம் கேளுங்கள்.

இனி இப்படி நடந்தால் உடனே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உதறப்பட்ட கையைப் பிடியுங்கள். அந்த ஜூலுச் சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'அவள் சொன்னது தவறு, உனக்கு வலித்திருக்கும்' என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். பிறகு மற்றவளிடம், அதட்டாமல், 'தோலின் நிறம் ஒட்டாது, கழுவினாலும் போகாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற ஒன்று எல்லோர் தோலிலும் இருக்கிறது, உன் தோலிலும் இருக்கிறது. கையை உதறினால் அவளுக்கு வருத்தமாக இருக்கும், இங்கே அப்படிச் செய்யக்கூடாது' என்று சொல்லுங்கள். நான்கு வயதுக்கு இவ்வளவு போதும். அன்று மாலையே ஜூலுச் சிறுமியின் தாயிடம் நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளை வாயிலாகத் தெரிந்துகொண்டால், நீங்கள் மறைத்ததாகத்தான் அவருக்குத் தோன்றும். போன வாரச் சம்பவத்தை இன்னும் சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல்லுங்கள். சிரித்து மழுப்பிய அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். கூட்டத்தில் வைத்து வெட்கப்படுத்தினால் வீட்டில் அடி அந்தப் பிள்ளைக்குத்தான் விழும்.

பொம்மைப் பெட்டியையும் புத்தக அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். எல்லாப் பொம்மைக்கும் பொன்னிறக் கூந்தல் என்றால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. 2014இல் தொடங்கிய புக் டேஷ் என்ற அமைப்பு நம் நாட்டு எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு படைக்கும் குழந்தை நூல்களை, ஜூலு உட்படப் பல மொழிகளில் இலவசமாகத் தரவிறக்கலாம். நலிபாலி வாசிப்பு இயக்கத்தின் கதைகளும் அப்படியே.

'நம் ஜனங்களுக்கென்று' கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. தமிழ் கற்பிக்கத் தனி வகுப்பு வைக்கட்டும், வரவேற்கிறேன். நம் மொழி இங்கே தேய்ந்துகொண்டிருக்கிறது, அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இது கிரீச் நடத்தும் பெற்றோர் வகுப்பு. ஜூலுப் பெற்றோரும் அதே கட்டணத்தைக் கட்டுகிறார்கள். பிறப்பிலிருந்து நான்கு வயது வரைக்குமாக 2015இல் வந்த தேசியப் பாடத்திட்டச் சட்டகம், தான் யார், தான் எங்கே சேர்ந்தவன் என்ற உணர்வை ஆறு கற்றல் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து கிரீச்சுகளுக்குப் பொறுப்பு அடிப்படைக் கல்வித் துறைதான். அங்கிருந்து வரும் அதிகாரியிடம் ஒரு இனத்தாருக்கு மட்டும் வகுப்பு என்று சொல்ல உங்கள் குழுவால் முடியுமா என்று கேளுங்கள்.

குழுவில் ஜூலுப் பெற்றோர் யாரும் இருப்பதாக உங்கள் கடிதம் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்திலேயே இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள். விதிமுறையில் இடமில்லை என்பார்கள். விதிமுறையைத் திருத்தும் தீர்மானத்தை எழுதி, இரண்டு பேரின் கையெழுத்தோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் ஒரு கையெழுத்து, பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போன தாய்மாரில் ஒருவருடையதாக இருக்கட்டும். அவரைத் தேடிப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அதுவே நல்ல சமயம்.