முன்னோடி கேலரிக்காரர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து வரும் வெண்கலச் சிற்பத்தைக் காரைக்குடி வீட்டுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் "இன்னாருடைய சேகரிப்பிலிருந்து" என்ற ஒரு வரியை நம்பி வாங்காதீர்கள். அவர் கைக்கு வருமுன் அது யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு விலை பேசுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான்: சென்னையில் நவீனக் கலைக்கு வாங்குபவர்களே இல்லாத காலத்தில் கேலரி தொடங்கிய ஒருவர், தனக்கென்று வைத்திருந்த வெண்கலச் சிற்பம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பழைய வீட்டைப் புதுப்பித்து வருகிறீர்கள், நடுமுற்றமும் தூண் வரிசையும் உள்ள வளவில் வைக்க ஆசை, விலைதான் யோசிக்க வைக்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்து ஊர் திரும்பியவர் என்று ஊகிக்கிறேன். வீட்டை இடித்துப் பர்மா தேக்குத் தூணை விற்காமல் புதுப்பிக்கிறீர்களே, அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நான் கலை விமர்சகர் இல்லை. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "வங்கிக்காரிக்குச் சிற்பத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று கீழே யாராவது எழுதலாம். எழுதட்டும். நிலத்தின் மேல் கடன் கேட்டு வந்தால் கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்த்து நாங்கள் பணம் கொடுத்ததில்லை. தாய்ப்பத்திரம் எங்கே, இடையில் கை மாறியதற்கு என்ன ஆதாரம், வில்லங்கம் உண்டா என்று பார்ப்போம். கலைப்பொருளுக்கும் அதேதான். அதில் தாய்ப்பத்திரம் தொலைந்தால் என்ன நடக்கும் என்பதை என் பிறந்த வீட்டுச் சிற்பத்தில் பார்த்துவிட்டேன்.

என் அய்யா, அதாவது என் தகப்பனாரின் அப்பா, பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1942-இல் போருக்குப் பயந்து வந்தவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு பட்டணத்தில் சின்ன அளவில் வியாபாரம். 1964-இல் அங்கே ஒரு கண்காட்சியில், ஓவியக் கல்லூரியில் படித்த ஓர் இளைஞரிடம் நேரடியாக ஒரு வெண்கலச் சிற்பம் வாங்கினார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஒன்றரை அடி இருக்கும். முகத்தில் கண்ணும் மூக்கும் பாதிதான் தெரியும். தோளும் முதுகும் அவ்வளவு அழகு. அரிசியில் கல் பொறுக்குகிறவளின் கழுத்து எப்படிச் சாயுமோ அப்படியே சாய்ந்திருக்கும்.

அப்பத்தாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. நகை இல்லை, பூ இல்லை, இது என்ன பொம்மை என்று கேட்டிருக்கிறார். பிறகு அவரேதான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். சிற்பியும் ஒருமுறை ஊருக்கு வந்து, வளவில் தூணோரம் அது இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் முதுகில் விழும்படி கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுப் போனாராம். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்கள் பக்கம் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் விட மாட்டார்கள். குடம், அண்டா, தாம்பாளம், கரண்டி என்று எல்லாவற்றிலும் குடும்ப விலாசத்தின், அதாவது குடும்பப் பெயர்ச் சுருக்கத்தின், எழுத்துகள் உளியால் வெட்டியிருக்கும். பங்காளி வீட்டு விசேஷத்துக்கு இரவல் போனது சரியாகத் திரும்பி வர வேண்டுமே. அய்யா அந்தச் சிற்பத்தின் அடியிலும் விலாசத்தை வெட்டச் சொல்லியிருக்கிறார். வெட்டுக்கூலி உட்பட செலவு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்: "பட்டணத்தில் வாங்கிய வெண்கலப் பெண் உருவம் 1, ரூ. 350." கீழே சிற்பியின் பெயர், மேலே தேதி.

பிறகு வீட்டில் பாகம் பிரிந்தது. சித்தப்பா மகன்கள் சாமான்களை மொத்தமாக விலை பேசினார்கள். எனாமல் சட்டிகள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவி வர்மா படங்கள், அவற்றோடு சேர்த்து அந்தப் பெண்ணும் போனாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. காகிதம் யாருக்கும் வேண்டாம் என்றார்கள், அதனால் நோட்டுகள் மட்டும் என்னிடம் வந்தன.

பல ஆண்டுகள் கழித்துச் சென்னையிலிருக்கும் ஓர் உறவுக்காரப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு கேடலாக் பக்கத்தை அனுப்பினாள். அதே முறம், அதே கழுத்து. தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு முன்னோடி கேலரிக்காரரின் பெயர், "சொந்தச் சேகரிப்பிலிருந்து" என்று. வரலாறு என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். அடியில் இருந்த எழுத்துகளை "வார்ப்புக்கூடத்தின் குறியாக இருக்கலாம்" என்று போட்டிருந்தார்கள். எங்கள் அய்யாவின் விலாசம், ஐயா அது!

எழுதிக் கேட்டேன். நோட்டுப் பக்கத்தின் படத்தையும் அனுப்பினேன். சிற்பத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, பங்காளிகள் விற்றது விற்றதுதான். "1964 முதல் செட்டிநாட்டில் ஒரு வீட்டில் இருந்தது" என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "எங்களிடம் ஒப்படைத்தவர் தந்த விவரத்தைத்தான் வெளியிடுவோம்" என்று பதில் வந்தது. அதோடு சரி.

கேலரிக்காரர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னோடி என்று சொல்லத் தக்கவர்கள் உண்டு. மும்பையில் கேக்கூ காந்தி படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலில் தொடங்கி, கடையின் சுவரிலேயே இளம் ஓவியர்களின் படங்களை மாட்டி, 1963-இல் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியின் மாடியில் கெமோல்டு கேலரியைத் திறந்தார். நம் பக்கம் 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி, கைவினைப் பொருள் விற்றுத்தான் பிழைத்தார்கள். அந்த நிலையில் சுவரும் வெளிச்சமும் கொடுத்து, விற்காததைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டவர்களுக்குக் கலையுலகம் கடன்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒரு சிற்பத்தைத் தனக்கென்று வைத்திருந்தார் என்றால் அதற்கு மதிப்பு உண்டு, நானும் ஒப்புக்கொள்கிறேன். அவர் காலத்தில் முந்நூற்று ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய ஊர்க்காரரின் பெயரையும் எழுதினால் அவர் மதிப்பு குறைந்துவிடாது என்றுதான் சொல்கிறேன்.

சேகரிப்பின் பெயர் மட்டும் போதாது என்பதற்கு நாடே அறிந்த சாட்சி உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு தனியார் குடும்பத்திடம் நெடுங்காலம் இருந்தது என்று காட்டும் காகிதங்கள் இருந்தன. அத்தனையும் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள்தான் உண்மையைக் காட்டின. 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். விற்ற கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. உங்களுடையது நவீனச் சிற்பம், சாமி சிலை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். சாமி சிலை என்றால் காகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வக்கீலைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

இப்போது பொருளைப் பற்றி. முதலில் அது வெண்கலம்தானா என்று பாருங்கள். மெட்ராஸ் சிற்பிகள் செய்த எல்லா உலோகச் சிற்பமும் வார்ப்பு இல்லை. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கினார். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்தார். அவை தாழ்ந்தவை என்று சொல்லவில்லை, பல வார்ப்புகளைவிட உயர்ந்தவை. ஆனால் தகட்டு வேலையை வெண்கல வார்ப்பு என்று சொல்லி விற்றால், விற்பவருக்கே பொருள் தெரியவில்லை என்று அர்த்தம். ஃபைபரில் வெண்கலப் பொடி கலந்து ஊற்றியதும் சந்தையில் உண்டு. தட்டினால் வெண்கலம் நாதம் கொடுக்கும், ஃபைபர் கொடுக்காது. நம் வீடுகளில் மேல்நாட்டுப் பெண் விளக்கேந்தி நிற்கும் பொம்மைகளை வெண்கலம் என்றே சொல்லி வந்திருக்கிறோம். அவற்றில் பல துத்தநாக வார்ப்பின் மேல் நிறம் ஏற்றியவை. சாயம் போன இடத்தில் சாம்பல் வெள்ளை தெரியும். வெண்கலமாக இருந்தால் மஞ்சளோ சிவப்போ கலந்த நிறம் தெரியும்.

அடுத்து, எத்தனை பிரதி? மெழுகு வார்ப்பு என்றாலே உலகத்தில் ஒன்றுதான் என்று தரகர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதுபோல மெழுகில் நேரடியாக உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றினால், அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அது ஒன்றே ஒன்று. ஆனால் களிமண் உருவத்திலிருந்து ரப்பர் அச்சோ பிளாஸ்டர் அச்சோ எடுத்து வைத்துக்கொண்டால் அதே மெழுகு உருவத்தை எத்தனை முறையும் எடுக்கலாம். அதனால்தான் சிற்பத்தின் அடியிலோ பின்னாலோ 2/8 (எட்டுப் பிரதியில் இரண்டாவது) என்பதுபோல எண் இருக்கும். பிரான்ஸில் மொத்தம் 12 வார்ப்புதான் அசல் என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. நம் நாட்டில் அப்படிக் கட்டுப்பாடு இல்லாததால், சிற்பி இருந்தபோது வார்த்ததா, அவர் மறைந்த பின் வாரிசுகளோ வேறு யாரோ வார்த்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் விலை வேறு.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொன்மைப்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய சிற்பம் தொன்மைப்பொருள். பதிவு வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உங்களுடையது அதற்குக் குறைந்த வயது என்றாலும், நாளைக்கு மகனோ மகளோ சிங்கப்பூருக்கு எடுத்துப்போக நினைத்தால், தொன்மைப்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். அப்போது இன்றைய ரசீதும் வரலாற்றுக் கடிதமும்தான் கைகொடுக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் சிற்பத்தின் விலையில் சிற்பிக்கோ அவர் வாரிசுகளுக்கோ ஒரு பங்கு கேட்கும் உரிமை தருகிறது. சிற்பியின் குடும்பத்தோடு இதைப் பேசினார்களா என்று கேளுங்கள். குடும்பத்தோடு பேசியிருந்தால் அசல்தான் என்பதற்கும் அவர்களிடமே கடிதம் வாங்கியிருப்பார்கள்.

"உங்கள் வீட்டார் விற்றதற்கு கேலரி என்ன செய்யும், செட்டியார் வீட்டிலேயே எடைக்குப் போட்டார்களே" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்றவர்கள் பங்குள்ள ஆண்கள். எனக்குப் பங்கே இல்லை. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989-இல் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அதற்கு முன்பே கல்யாணமானவள். மத்திய அரசு 2005-இல் அதைத் திருத்துவதற்குள் எங்கள் வீட்டில் பாகம் பிரிந்து எல்லாம் முடிந்துவிட்டது. சீரும் சாமானும் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன என்றார்கள். நான் தங்கம் கேட்கவில்லை. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட அந்தப் பெண்ணை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தால், கேடலாக்கில் யாரும் அவள் அடியில் தப்பாக எழுதியிருக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பெண் வெளியில் இப்படி எழுதலாமா என்று உறவில் சிலர் வருத்தப்படுவார்கள், தெரியும். நோட்டு என்னிடம் இருக்கிறது, எழுதுவேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேரில் போங்கள், இரண்டு பேரை வைத்துப் படுக்கவைத்து அடியைப் பாருங்கள், படம் எடுங்கள். எண், கையெழுத்து, வெட்டெழுத்து எது இருந்தாலும் அது என்ன என்று கேட்டுக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கேலரிக்காரர் எந்த ஆண்டு யாரிடம் வாங்கினார், பழைய ரசீதோ கண்காட்சிப் புகைப்படமோ உண்டா என்று கேளுங்கள். அவர் உண்மையில் முன்னோடி என்றால் அவரிடம் காகிதம் இருக்கும். கண்காட்சி அழைப்பிதழைக்கூட எடுத்து வைக்கிறவர்கள் அவர்கள்.

வாங்கிய பிறகு ஒன்று முக்கியம். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்ய ஆள் வைப்பீர்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் சிற்பத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள். முன்னாலேயே சொல்லி வையுங்கள். அந்தப் பழுப்பும் கருப்பும் அழுக்கு இல்லை, சிற்பி சூடும் ரசாயனமும் கொடுத்து வரவழைத்த நிறம். ஒருமுறை போனால் போனதுதான். உலர்ந்த மென்துணியால் தூசி தட்டுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை நிறமில்லாத மெழுகு மெல்லியதாகப் பூசி எடுங்கள், போதும். வெளிர் பச்சையில் பொடி பொடியாக உதிர்ந்தால் ஈரமும் உப்பும் உள்ளே இறங்கியிருக்கிறது, உடனே ஆள் கூப்பிடுங்கள். வளவின் திறந்த பகுதியில் மழைச்சாரல் படும் இடம் வேண்டாம். தூண் வரிசைக்கு உள்ளே, சுவரோரமாக, பிள்ளைகள் ஓடும் வழியை விட்டுத் தள்ளி, கல் பீடத்தில் வையுங்கள்.