மகனுக்கு வாட்ச்: ஆட்டோமேட்டிக்கா, செல் போடுவதா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மகனுக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல வாட்ச் ஒன்று வாங்கித் தர ஆசை. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிறான். இணையத்தில் பழைய சீகோ 5 ஒன்றை, முழு சர்வீஸ் செய்தது என்று 2,500 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? இன்னொன்று, என் வாட்சில் செல் மாற்றினால் நாலே மாதத்தில் நின்றுவிடுகிறது. வாட்சையே மாற்ற வேண்டியதுதானா?"

அந்த சீகோவை வாங்காதீர்கள். உங்கள் வாட்சையும் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் சீகோ. இந்த விலையில் பளபளவென்று வரும் பழைய சீகோக்களில் பெரும்பாலானவை செத்துப்போன மூன்று நான்கு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியவை. டயலைச் சுரண்டி ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், மயில் பச்சை என்று புதிதாக வண்ணம் அடித்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்றே சொல்வார்கள். 'முழு சர்வீஸ்' என்பதற்குப் பெரும்பாலும் மெஷினை ஒருமுறை கழுவி எண்ணெய் விட்டது என்று பொருள், அதுவும் நடந்திருந்தால்.

சந்தேகம் இருந்தால் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று பின்மூடி. அதில் 7009 போல நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கும் மெஷினின் எண். இன்னொரு படம் டயலில் ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி. அங்கே எறும்பு அளவு எழுத்தில் அதே நான்கு இலக்கத்தில் தொடங்கும் எண் இருக்க வேண்டும். வேறு எண் இருந்தாலோ, மை கசிந்து படிக்க முடியாமல் இருந்தாலோ, எண்ணே இல்லாமல் இருந்தாலோ டயல் அந்த வாட்சுடையது இல்லை. பின்மூடியில் இருக்கும் வரிசை எண்ணையும் பாருங்கள். அதன் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம். 1985 மாடல் என்று சொல்லிவிட்டு எண் 2-இல் தொடங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இந்தப் படங்களைக் கேட்டதுமே பல பேர் பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள், அதுவே பதில்தான். இப்படி ஏமாந்தவர் புகார் கொடுத்தால், விற்ற தளம் 'நாங்கள் இடம் கொடுத்தவர்கள் மட்டுமே' என்று கைகழுவுகிறது. கமிஷன் மட்டும் வாங்கத் தெரிகிறது, பொறுப்பு ஏற்கத் தெரியவில்லை.

பழைய வாட்சே கூடாதா என்றால், ஒரே ஒரு வகை உண்டு: யார் கட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த வாட்ச். உங்கள் வீட்டு பீரோவில் அப்பா கட்டிய எச்.எம்.டி. ஜனதா கிடக்கிறதா? அல்லது வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த, கிழமை அரபியிலும் வரும் சீகோ 5? அதை எடுங்கள். ஜனதா தினமும் சாவி கொடுக்க வேண்டிய 17 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் சின்னக் கல்) மெஷின். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனாலும் லட்சக்கணக்கில் செய்த வாட்ச் என்பதால், இன்னொரு பழைய எச்.எம்.டி.யிலிருந்து பாகம் எடுத்துப் போடலாம். வயதான மெக்கானிக் எவருக்கும் அது கைப்பழக்கம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். மங்கிய டயல் மங்கியே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் விற்கிறார், அவருக்குத் தெரிந்தவருடையது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. உங்கள் குடும்பத்தில் ஒருவர் கையில் நீங்களே பார்த்திருக்க வேண்டும்.

சரி, மகனுக்கு எது? அவரிடம் ஒன்று கேளுங்கள்: தினமும் இந்த ஒரே வாட்சைத்தான் கட்டுவாரா? ஆட்டோமேட்டிக் கை அசைவில் தானே முறுக்கேறும். முழுதாக ஏறியிருந்தால் இந்த விலை மெஷின்கள் சுமார் 40 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு 9 மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் நின்றுவிடும். திங்கள் காலை அவசரத்தில் மணியும் தேதியும் வைக்க வேண்டும். அதில் சலிப்பு வராது என்றால் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். சனி ஞாயிறு வேறு வாட்ச் கட்டும் பழக்கம் இருந்தால் குவார்ட்ஸ், அதாவது செல்லில் ஓடும் வாட்ச் போதும்.

நேரம் பற்றிய எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். குவார்ட்ஸ் மாதத்துக்கு 15, 20 விநாடி தவறும். மலிவு ஆட்டோமேட்டிக்கில் பரவலாக இருக்கும் என்எச்35 மெஷினுக்கு, ஒரு நாளைக்கு 20 விநாடி பின்தங்குவதிலிருந்து 40 விநாடி முந்துவது வரை சகஜம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

ஆனால் திடீரென்று நாளுக்குச் சில நிமிடங்கள் முந்த ஆரம்பித்தால் பெரும்பாலும் காந்தம்தான். மூடி உள்ள போன் கவர், புளூடூத் ஸ்பீக்கர், டேப்லெட் உறை எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. வாட்சுக்குள் இருக்கும் தலைமுடி போன்ற ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் வாட்ச் முந்துகிறது. காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி உள்ள மெக்கானிக்குக் கால் நிமிட வேலை. இதற்கு 'பேலன்ஸ் (உள்ளே ஆடும் சக்கரம்) போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்புறம், இரவு 9 மணியிலிருந்து காலை 4 மணி வரை தேதியைத் திருகி மாற்ற வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தேதிப் பல்சக்கரம் பிடியில் இருக்கும், பல் உடையும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் மெஷின் எண்ணைக் கேளுங்கள். 'ஜப்பான் மெஷின் சார்' என்பது பதில் இல்லை. என்எச்35 என்றோ, மியோட்டா நிறுவனத்தின் 82 வரிசை என்றோ எண் சொன்னால் நல்லது. பல ஆண்டு கழித்துப் பழுதானாலும் மெஷினையே மாற்றிக்கொள்ளலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நிறைய நிறுவனங்கள் உதிரிபாகத்தை வெளி மெக்கானிக்குகளுக்கு விற்பதே இல்லை. ஒரு சின்னத் திருகாணிக்குக்கூட வாட்சை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் வேலை தெரிந்தவர் இருந்தும் அவர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இது அநியாயம்.

இனி உங்கள் வாட்ச். செல்லின் முதுகில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். சின்ன குவார்ட்ஸ் வாட்சுகளில் அதிகம் போடுவது எஸ்ஆர்626எஸ்டபிள்யூ, 377 என்றும் சொல்வார்கள். அது சில்வர் ஆக்சைடு செல். 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறக்குறைய அப்படியே கொடுக்கும், இரண்டு வருடம் ஓடும். அதே அளவில் ஏஜி4 அல்லது எல்ஆர்626 என்று அல்கலைன் செல் வருகிறது, மொத்தக் கடையில் மிக மலிவு. உள்ளே சரியாகப் பொருந்தும், உடனே ஓடும். ஆனால் வோல்ட் நாளுக்கு நாள் இறங்கும், தீர்ந்தபின் கசிந்து மெஷினை அரிக்கும். நல்ல செல்லுக்கு உண்டான காசை வாங்கிக்கொண்டு இதைப் போடுகிறவர்கள் நிறைய. உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தமுறை வாட்சைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எதிரிலேயே நில்லுங்கள். உறையைப் பிரித்துச் செல்லை எடுக்கச் சொல்லிப் பெயரைப் படியுங்கள். பின்மூடியைத் திறந்ததும் ஒரு மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் வரும். அது பள்ளத்தில் திரும்ப உட்கார்ந்த பிறகே மூடியை அழுத்த வேண்டும். பலர் அதை மேசையிலேயே விட்டுவிடுகிறார்கள், அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. 30 மீட்டர் என்று எழுதியிருக்கும் வாட்ச் வளையம் சரியாக இருந்தாலே கை கழுவும் தண்ணீரைத்தான் தாங்கும், குளிக்கவோ குளத்தில் இறங்கவோ இல்லை.

சரியான செல் போட்டும் ஆறு மாதத்துக்குள் நின்றால் மெஷின் அதிகமாகக் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பது மியோட்டா 2035 போன்ற சாதாரண மெஷினாக இருந்தால் சில நூறு ரூபாயில் புதிதே போட்டுவிடலாம், டயலும் முள்ளும் பழையவையே இருக்கும்.